ஒருவர் எழுதியது, எல்லோரும் பயன்படுத்துவது

(சங்கத்தின் காலாண்டுப் பொதுக்கூட்டத்தில், நம் குடியிருப்பைச் சேர்ந்த மென்பொருள் உருவாக்குநர் ஒருவர் சமுதாயக் கூடத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)



எனக்குக் கொடுத்திருக்கும் தலைப்பு 'லினக்ஸும் நானும்'. இதில் 'நானும்' என்ற பகுதியைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். பகலில் ஒரு நிறுவனத்தில் மென்பொருள் வேலை. இரவிலும் விடுமுறை நாட்களிலும் எனக்குப் பிடித்த நிரல்களை எழுதுகிறேன். எழுதியதை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், உள்ளே எப்படி இருக்கிறது என்று பார்க்கலாம், மாற்றிக்கொள்ளலாம் என்று பொதுவில் வைத்துவிடுகிறேன். இதைத்தான் திறந்த மூல மென்பொருள், கட்டற்ற மென்பொருள் என்கிறோம்.

அப்படி நான் பராமரிப்பவை இரண்டு. ஒன்று, பழைய தமிழ் எழுத்துருக்களில் அடித்த கோப்புகளை யூனிகோடுக்கு மாற்றும் சிறிய நிரல். ஒரு காலத்தில் டிடிபி சென்டர்களில் அடித்த கோயில் மலர், குடும்ப வரலாறு, சங்க அறிக்கை எல்லாம் பாமினி, டிஸ்கி, டாப் என்று ஆளுக்கொரு முறையில் இருந்தன. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்தும் குறியீடுமாகக் கொட்டிக் கிடக்கும். என் அப்பா அடித்து வைத்திருந்த கட்டுரைகளைப் படிப்பதற்காக அதை எழுதினேன்.

இரண்டாவது உங்களுக்குத் தெரிந்ததுதான். சங்க அலுவலகத்தில் இருக்கும் பழைய கணினியில் ஓடும் தண்ணீர்க் கணக்கு. லாரி எத்தனை வந்தது, போர்வெல் மோட்டார் எத்தனை மணி நேரம் ஓடியது, எந்த பிளாக் டேங்குக்கு எப்போது தண்ணீர் ஏற்றினார்கள் என்று செக்யூரிட்டி நோட்டில் எழுதுவதை அதில் ஏற்றுகிறோம். மாதக் கடைசியில் நோட்டீஸ் போர்டில் ஒட்டும் தாள் அதிலிருந்துதான் வருகிறது. அந்தக் கணினியில் இருப்பது லினக்ஸ்.

இனி லினக்ஸுக்கு வருகிறேன்.

சொந்தத் தேவையில் தொடங்கியவை

1991ஆம் ஆண்டு ஜனவரி மாதம். ஃபின்லாந்து நாட்டில் ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற 21 வயது மாணவர், தவணையில் ஒரு 386 கணினி வாங்கினார். பல்கலைக்கழகத்தின் கணினியோடு வீட்டிலிருந்தே தொலைபேசி வழியாகத் தொடர்புகொள்ள ஒரு நிரல் எழுதிக்கொண்டார். அங்கிருந்து கோப்புகளை இறக்கிச் சேமிக்க வேண்டியிருந்தது. அதற்கு டிஸ்க்கைக் கையாளும் பகுதியை எழுதினார். அதற்கு மேல் இன்னொன்று, அதற்கு மேல் இன்னொன்று என்று போய், ஒரு நாள் பார்த்தால் கையில் இருப்பது ஒரு இயங்குதளத்தின் தொடக்கம்.

அந்த ஆண்டு ஆகஸ்ட் 25 அன்று, தாம் ஒரு இயங்குதளம் செய்துகொண்டிருப்பதாகவும், இது வெறும் பொழுதுபோக்கு, பெரிதாக ஒன்றும் வராது என்றும் இணையத்தில் அறிவித்தார். ஃப்ரீக்ஸ் என்று பெயர் வைக்கத்தான் நினைத்திருந்தார். சர்வரில் இடம் கொடுத்த ஆரி லெம்கே, அந்த ஃபோல்டருக்கு லினக்ஸ் என்று பெயர் போட்டுவிட்டார். அதுவே நிலைத்தது. பணம் அனுப்பட்டுமா என்று கேட்டவர்களிடம், உங்கள் ஊர்ப் படம் போட்ட போஸ்ட்கார்டு அனுப்புங்கள் போதும் என்றார்.

இங்கே இன்னொருவரையும் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் ரிச்சர்ட் ஸ்டால்மன் 1983லேயே குனு என்ற பெயரில் முழுக்கக் கட்டற்ற இயங்குதளம் ஒன்றை உருவாக்கப்போவதாக அறிவித்து, அதற்கான கருவிகளை ஒவ்வொன்றாக எழுதி வந்தார். கணினியின் பாகங்களை நேரடியாக இயக்கும் கெர்னல் மட்டும் தயாராகாமல் இருந்தது. டோர்வால்ட்ஸ் எழுதியது அந்தக் கெர்னலைத்தான். ஒரு பக்கம் பைப், வால்வு, குழாய் எல்லாம் போட்டு வைத்திருந்தார்கள், இன்னொரு பக்கத்திலிருந்து மோட்டார் வந்து சேர்ந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்வீடனில் டேனியல் ஸ்டென்பெர்க் என்பவருக்கு, 1996ல், இணைய அரட்டையில் கேட்பவர்களுக்கு அன்றைய நாணய மாற்று விகிதத்தைச் சொல்ல வேண்டியிருந்தது. அதை ஒரு வலைத்தளத்திலிருந்து தானாக எடுத்து வர, பிரேசிலைச் சேர்ந்த ஒருவர் எழுதியிருந்த சிறு நிரலை எடுத்துத் திருத்தத் தொடங்கினார். 1998 மார்ச்சில் அதற்குக் 'கர்ல்' என்று பெயர் வந்தது. இணையத்திலிருந்து ஒன்றை எடுத்து வருவது, ஒன்றை அனுப்புவது, இவ்வளவுதான் அதன் வேலை. இன்று கைபேசி, டிவி, கார் என்று எதை எடுத்தாலும் உள்ளே அது இருக்க வாய்ப்பு அதிகம்.

கார்த் திரையில் காட்டும் உரிமக் குறிப்பில் ஸ்டென்பெர்க்கின் பெயரும் மின்னஞ்சலும் இருப்பதால், திரை வேலை செய்யவில்லை என்று கார் உரிமையாளர்கள் அவருக்கே எழுதுவதுண்டு. லிஃப்டில் மின்விசிறி ஓடாவிட்டாலும், கேபிள் டிவி தெரியாவிட்டாலும் சங்கச் செயலாளருக்கே போன் போகும் அல்லவா, அதைப் போல. 2017ல் ஸ்வீடனின் போல்ஹெம் பரிசு அவருக்குக் கிடைத்தது. அது அந்நாட்டில் பொறியியல் சாதனைகளுக்குத் தரும் பெரிய பரிசு.

மூன்றாவது, லினக்ஸ் மின்ட். அயர்லாந்தில் வாழும் பிரெஞ்சுக்காரரான கிளெமென்ட் லெஃபெவ்ர், லினக்ஸுக்குப் புதிதாக வருபவர்களுக்கு உதவிக் குறிப்புகள் எழுதி வந்தார். 2006ல், தானே ஒரு லினக்ஸ் தொகுப்பை உருவாக்கிப் பார்த்தார். அதுதான் மின்ட். நம் அலுவலகக் கணினியில் இருப்பது அதுதான்.

இந்த மூன்றிலும் ஒரே கதைதான். ஒருவருக்கு ஒரு தேவை இருந்தது. தனக்காகச் செய்துகொண்டார். கதவைத் திறந்து வைத்தார். பிறகு ஊரே அதைப் பயன்படுத்துகிறது.

வரைபடம் கையில் இருப்பது

'திறந்த' என்றால் என்ன என்பதை அடுக்குமாடியில் இருப்பவர்களுக்கு விளக்குவது எளிது.

கட்டடத்தை ஒப்படைக்கும்போது பில்டர் பிளம்பிங் வரைபடத்தையும் மின்சார வரைபடத்தையும் கொடுத்தால், நாளைக்கு ஒரு கசிவு வந்தால் எந்த பிளம்பரையும் கூப்பிட்டுக் காட்டலாம். பைப் எந்தச் சுவருக்குள் போகிறது என்று பார்த்து அந்த இடத்தில் மட்டும் உடைக்கலாம். வரைபடம் இல்லையென்றால், முதலில் போட்ட ஆளைத் தேட வேண்டும். அவர் வராவிட்டால், டைல்ஸை ஒவ்வொன்றாகப் பெயர்த்துப் பார்க்க வேண்டும்.

நாம் காசு கொடுத்து வாங்கும் பெரும்பாலான மென்பொருள்கள் வரைபடம் இல்லாத கட்டடங்கள். குடியிருக்கலாம், வரைபடம் நிறுவனத்திடமே இருக்கும். திறந்த மூல மென்பொருளில் மூலநிரல் என்ற வரைபடம் எல்லோருக்கும் கிடைக்கும். எந்த வேலைக்கும் பயன்படுத்தலாம், படித்துப் பார்க்கலாம், மாற்றலாம், அடுத்தவருக்குக் கொடுக்கலாம். லினக்ஸ் 1992 முதல் பயன்படுத்தும் ஜிபிஎல் உரிமத்தில் ஒரு நிபந்தனையும் உண்டு. நீங்கள் மாற்றியதை இன்னொருவருக்குக் கொடுத்தால், மாற்றிய வரைபடத்தையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். வாங்கிய சுதந்திரத்தை அடுத்தவருக்கும் கொடு என்பதுதான் அதன் பொருள்.

இது ஏதோ கம்ப்யூட்டர்காரர்களின் விஷயம் என்று நினைக்க வேண்டாம். இங்கே பாதிக்கு மேற்பட்டவர்களின் சட்டைப்பையிலும் கைப்பையிலும் லினக்ஸ் இருக்கிறது. ஆண்ட்ராய்டு கைபேசியின் உள்ளே ஓடுவது லினக்ஸ் கெர்னல்தான். பல வைஃபை ரவுட்டர்களிலும் ஸ்மார்ட் டிவிகளிலும் அதுதான். உலகின் முதல் 500 சூப்பர் கம்ப்யூட்டர்களின் பட்டியலில் 2017 நவம்பர் முதல் எல்லாமே லினக்ஸ்தான். 2021 ஏப்ரல் 19 அன்று செவ்வாய்க் கிரகத்தில் பறந்த நாசாவின் சிறு ஹெலிகாப்டர் இன்ஜெனியூட்டியும் லினக்ஸில்தான் இயங்கியது.

லாஃப்டில் இருக்கும் லேப்டாப்

இப்போது பலரும் எதிர்பார்க்கும் விஷயத்துக்கு வருகிறேன். மைக்ரோசாஃப்ட் நிறுவனம் விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவை 2025 அக்டோபர் 14 அன்று நிறுத்தியது. விண்டோஸ் 11க்கு மாறலாம் என்றால், அதற்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும், ஓரளவு புதிய பிராசசரும் வேண்டும். இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிறகு வந்தது. அதனால், நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் பல லேப்டாப்கள் 'பழசு' ஆகிவிட்டன. பழுதானதால் அல்ல, பாதுகாப்புத் திருத்தங்கள் வருவது நின்றதால். திருத்தம் வராத கணினியில் நெட்பேங்கிங் செய்வது, பூட்டு தேய்ந்த கதவை வைத்துக்கொண்டு ஊருக்குப் போவது போல.

இப்படிப்பட்ட லேப்டாப்புக்கு லினக்ஸ் போட்டால் இன்னும் சில ஆண்டுகள் ஓடும். மின்ட் போட 2 ஜிபி ரேம் போதும் என்று அவர்களே சொல்கிறார்கள். வசதியாக ஓட 4 ஜிபி வேண்டும். மின்ட் 22 வரிசைக்கு 2029 வரை திருத்தங்கள் வரும். பழைய ஹார்டு டிஸ்க் இருந்தால் அதை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போடுங்கள். வேகத்தில் பெரிய மாற்றம் அதில்தான் தெரியும்.

செய்யும் முறை இது. 8 ஜிபி பென்டிரைவ் ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். மின்ட் தளத்திலிருந்து கோப்பை இறக்கி, எட்சர் போன்ற ஒரு நிரலால் பென்டிரைவில் ஏற்றுங்கள். லேப்டாப்பை அந்தப் பென்டிரைவிலிருந்து தொடங்கச் செய்தால், எதையும் நிறுவாமலே லினக்ஸ் திரைக்கு வரும். அவசரப்பட்டு நிறுவ வேண்டாம். வைஃபை பிடிக்கிறதா, சத்தம் வருகிறதா, கேமரா, பிரிண்டர் வேலை செய்கிறதா என்று ஒரு மணி நேரம் பாருங்கள். எல்லாம் சரி என்றால் மட்டும் நிறுவுங்கள். அதற்கு முன் போட்டோ, ஆவணம் எல்லாவற்றையும் வேறு டிஸ்க்கில் நகல் எடுத்துவிட வேண்டும். 'டிஸ்க்கை முழுக்க அழித்து நிறுவு' என்பதைத் தேர்ந்தெடுத்தால் பழையது ஒன்றும் மிஞ்சாது.

ஒரு எச்சரிக்கை. பல நாள் லாஃப்டில் கிடந்த லேப்டாப்பின் அடிப்பக்கம் உப்பியிருந்தால் பேட்டரி வீங்கியிருக்கிறது என்று பொருள். அதைச் சார்ஜரில் போடாதீர்கள், அழுத்தாதீர்கள். சர்வீஸ் செய்பவரிடம் கொடுத்து பேட்டரியை எடுத்துவிட்டுத்தான் மற்றதெல்லாம்.

எது வேலை செய்யும், எது செய்யாது என்பதையும் ஒளிக்காமல் சொல்கிறேன். நெட்பேங்கிங், வருமான வரித் தளம், ரயில் டிக்கெட், யூடியூப், வாட்ஸ்அப் வெப் எல்லாம் பிரவுசரில் வழக்கம்போல் வரும். ஜூம் வரும். வேர்டு, எக்ஸெல் கோப்புகளை லிப்ரேஆஃபீஸ் திறக்கும். சிக்கலான மேக்ரோ உள்ள எக்ஸெல் கோப்புகள் தகராறு செய்யலாம். தமிழ்99 விசைப்பலகை உள்ளேயே இருக்கிறது, தனியாக எதுவும் வாங்க வேண்டாம். டாலி லினக்ஸுக்கு வருவதில்லை. டிஜிட்டல் கையொப்பத்துக்குப் பயன்படுத்தும் யுஎஸ்பி டோக்கன்களில் சில மக்கர் செய்யும். ஆகவே ஆடிட்டர் அலுவலகம் வைத்திருப்பவர்கள் விண்டோஸை விட வேண்டாம். பாட்டுக் கேட்க, செய்தி படிக்க, பிள்ளைகளோடு வீடியோவில் பேச, பேரன் பேத்திகள் நிரல் எழுதிப் பழக என்றால் தாராளமாக மாறலாம்.

வைரஸே வராதா என்று பலர் கேட்கிறார்கள். அப்படிச் சொல்ல மாட்டேன். வீட்டுக் கணினிகளைக் குறிவைக்கும் வைரஸ்கள் பெரும்பாலும் விண்டோஸுக்காக எழுதப்பட்டவை என்பது உண்மை. ஆனால் ஓடிபியைக் கேட்கும் போன் அழைப்புக்கு எந்த இயங்குதளமும் தடை போட முடியாது.

லினக்ஸ் ஏன் பழைய கணினியைச் சீக்கிரம் கைவிடுவதில்லை? டோர்வால்ட்ஸ் 1991ல் எந்த 386 சில்லில் தொடங்கினாரோ, அதற்கான ஆதரவை லினக்ஸ் கெர்னலிலிருந்து நீக்க முடிவு செய்தது 2012 டிசம்பரில். 20 ஆண்டுகளுக்கு மேல் அது ஓடியது. யாராவது ஒருவர் அதைப் பார்த்துக்கொள்ளத் தயாராக இருந்த வரை ஓடியது என்று சொல்வதுதான் சரி. இன்று நான் முக்கியமாகச் சொல்ல வந்தது இந்தப் 'பார்த்துக்கொள்வது' பற்றித்தான்.

யார் பார்த்துக்கொள்கிறார்கள்?

மென்பொருள் எழுதுவது வீடு கட்டுவது போல. பார்த்துக்கொள்வது மெயின்டெனன்ஸ் போல. வீடு கட்டியவருக்குக் கிரகப்பிரவேசத்தில் மாலை உண்டு. சம்ப் கழுவுபவருக்கு மாலை போட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை.

2014 ஏப்ரலில் ஹார்ட்பிளீட் என்ற ஓட்டை வெளிவந்தது. ஓபன்எஸ்எஸ்எல் என்ற நிரலில் இருந்த தவறு அது. வலைத்தள முகவரியில் பூட்டுச் சின்னம் காட்டும் பாதுகாப்பை உலகின் பெரும்பகுதித் தளங்களுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தது அந்த நிரல்தான். அதை முழுநேரமாகப் பார்த்துக்கொண்டிருந்தவர் ஒரே ஒருவர். ஆண்டுக்குச் சுமார் 2,000 டாலர் நன்கொடை வந்துகொண்டிருந்தது. அதன் மேல் நின்று கோடிக்கணக்கில் வியாபாரம் செய்த நிறுவனங்களுக்கு அதைப் பற்றி யோசிக்க நேரமில்லை. ஓட்டை வெளியே தெரிந்த பிறகுதான் பெரிய நிறுவனங்கள் சேர்ந்து பணம் ஒதுக்கின.

அடுத்தது 2024ல் நடந்தது. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இது நம் சங்கத்துக்கும் பொருந்தும்.

கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்இசட் என்ற நிரல் அநேகமாக எல்லா லினக்ஸ் கணினிகளிலும் இருக்கிறது. ஃபின்லாந்தைச் சேர்ந்த லாசே காலின் அதைப் பல ஆண்டுகளாகச் சம்பளம் இல்லாமல் பார்த்துக்கொண்டிருந்தார். 2021ல் ஜியா டான் என்ற பெயரில் ஒருவர் நல்ல திருத்தங்களை அனுப்பத் தொடங்கினார். 2022ல் வேறு வேறு பெயர்களில் சிலர் வந்து, வேலை ஏன் இவ்வளவு தாமதம், முடியாவிட்டால் வேறு ஆளிடம் கொடுக்கலாமே என்று நச்சரித்தார்கள். தமக்கு நெடுநாளாக மனநலச் சிரமங்கள் இருப்பதையும், இது சம்பளமில்லாத பொழுதுபோக்கு வேலைதான் என்பதையும் காலின் வெளிப்படையாகவே எழுதினார். மெல்ல மெல்லப் பொறுப்பு அந்த ஜியா டான் கைக்குப் போனது.

2024 பிப்ரவரியிலும் மார்ச்சிலும் வந்த 5.6.0, 5.6.1 பதிப்புகளுக்குள் ஒரு கள்ளக் கதவு ஒளிந்திருந்தது. தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழையும் வழியில், குறிப்பிட்ட சாவி வைத்திருப்பவர் யாருக்கும் தெரியாமல் உள்ளே வரலாம். இரண்டரை ஆண்டு பொறுமையாகக் காத்திருந்து வைத்த கதவு.

அதைக் கண்டுபிடித்தவர் ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட். போஸ்ட்கிரெஸ் என்ற திறந்த மூலத் தரவுத்தளத்தை உருவாக்குபவர்களில் ஒருவர், மைக்ரோசாஃப்டில் வேலை பார்ப்பவர். அவர் தேடிப் போனது வேறு ஒன்று. தன் கணினிக்குள் நுழையும்போது வழக்கத்தைவிட அரை விநாடி அதிகமாவதைக் கவனித்தார். அரை விநாடிதானே என்று விடவில்லை. வரைபடம் திறந்திருந்ததால், ஒவ்வொரு பகுதியாகப் பிரித்துப் பார்த்துக்கொண்டே போய்க் கதவைக் கண்டுபிடித்தார். 2024 மார்ச் 29 அன்று எல்லோருக்கும் அறிவித்தார். அப்போது அந்தப் பதிப்பு சோதனை நிலையில் இருந்த சில லினக்ஸ் தொகுப்புகளுக்கு மட்டும்தான் போயிருந்தது. உலகத்தின் சர்வர்களுக்குப் பரவும் முன் தடுத்துவிட்டார்கள்.

இதிலிருந்து நான் இரண்டு விஷயம் எடுத்துக்கொள்கிறேன். திறந்திருந்ததால்தான் வெளியாள் ஒருவர் பார்த்துக் கண்டுபிடிக்க முடிந்தது. ஆனால், ஒருவரே தனியாகச் சுமந்ததால்தான் திருடன் உள்ளே வரவும் முடிந்தது. காலின் மேல் குற்றமில்லை. அவ்வளவு பேர் நம்பியிருந்த வேலையைக் களைத்துப்போன ஒரு மனிதரின் தோளில் விட்டுவிட்டு, தாமதத்துக்கு மட்டும் கேள்வி கேட்ட ஊர்தான் யோசிக்க வேண்டும்.

நம் சங்கத்தில் பொறுப்பில் இருப்பவர்களுக்கும் சம்பளம் இல்லை. வேலை முடித்து வந்து இரவு பத்து மணிக்கு எஸ்டிபி ஒப்பந்தத்தைப் படிக்கிறார்கள். நன்றாக நடந்தால் யாரும் கவனிப்பதில்லை. ஒரு நாள் தண்ணீர் அரை மணி தாமதமானால் வாட்ஸ்அப் குழுவில் நாற்பது செய்தி வருகிறது. தேர்தல் என்று வந்தால் நிற்க ஆளில்லை. மென்பொருள் உலகத்திலும் அச்சு அசல் இதே நிலைதான். ஹெல்சிங்கியிலும் இங்கேயும் மனிதர்கள் ஒரே மாதிரி இருக்கிறார்கள்.

நம் அலுவலகக் கணினி

அந்தக் கணினி ஏறத்தாழ மூன்று ஆண்டுகளாக ஓடுகிறது. அதில் இருக்கும் கணக்கை வைத்துத்தான் போன கோடையில் எந்த பிளாக்கில் டேங்க் வால்வு கசிகிறது என்று கண்டுபிடித்தோம். லாரிக்காரரோடு கணக்குத் தகராறு வந்தபோது தேதியும் நேரமும் எடுத்துக் காட்ட முடிந்தது. ஆனால் அதைச் சரிபார்க்கத் தெரிந்தவர் இன்றைக்கு இந்தக் குடியிருப்பில் ஒருவர்தான். அது நான். நாளைக்கு எனக்கு வெளியூர் வேலை கிடைத்தாலோ, ஒரு மாதம் படுத்துவிட்டாலோ, அந்தப் பெட்டி என்ன சொல்கிறது என்று பார்க்க ஆள் இல்லை. பம்ப் ரூம் சாவி ஒரே ஒருவரிடம் இருப்பது போன்ற நிலை இது. அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் அது பாதுகாப்பு ஆகாது.

ஆகவே இரண்டு பேர் வேண்டும். நிரல் எழுதத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. கூட்டல் கழித்தல் தெரிந்து, வாரம் அரை மணி நேரம் கொடுக்க முடிந்தால் போதும். ஓய்வு பெற்றவர்களும் கல்லூரிப் பிள்ளைகளும் முன்வந்தால் ரொம்ப நல்லது. என்ன செய்ய வேண்டும் என்பதைத் தமிழில் பக்கம் பக்கமாக எழுதி ஒரு ஃபைலில் போட்டுப் பொருளாளரிடம் கொடுத்திருக்கிறேன். கடவுச்சொற்கள் ஒட்டிய உறையில் தலைவரிடம் இருக்கின்றன.

வேலை மூன்றுதான். ஒன்று, வாரம் ஒரு முறை நோட்டில் இருப்பதும் கணினியில் இருப்பதும் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பது. இரண்டு, மாதம் ஒரு முறை திருத்தங்களை நிறுவுவது. இது ஒரு பொத்தானை அழுத்தும் வேலை. மூன்று, மூன்று மாதத்துக்கு ஒரு முறை பேக்கப்பிலிருந்து கணக்கை வேறு ஒரு கணினியில் மீட்டுப் பார்ப்பது. பேக்கப் எடுப்பவர்கள் நிறைய. எடுத்தது திரும்பி வருகிறதா என்று பார்ப்பவர்கள் குறைவு. தீயணைப்பான் சிலிண்டரைச் சுவரில் மாட்டிவிட்டு அதன் மீட்டரைப் பார்க்காமல் இருப்பது போன்றது அது.

அந்த நிரலின் மூலமும் திறந்துதான் இருக்கிறது. பக்கத்துக் குடியிருப்புக்காரர்கள் கேட்டால் எடுத்துக்கொள்ளலாம். நம்மைவிட நன்றாக மாற்றிவிட்டால் நமக்கும் லாபம்தான்.

லேப்டாப் விஷயத்துக்கும் ஒரு ஏற்பாடு செய்திருக்கிறோம். அடுத்த மாதம் இரண்டு சனிக்கிழமைகளில் காலை பத்து முதல் ஒரு மணி வரை இதே கூடத்தில் நானும் இன்னும் சில நண்பர்களும் இருப்போம். உங்கள் பழைய லேப்டாப்பையும் சார்ஜரையும் கொண்டு வாருங்கள், தரவுகளை நகல் எடுத்துவிட்டு வாருங்கள். நாங்கள் செய்து கொடுக்க மாட்டோம். பக்கத்தில் உட்கார்ந்து நீங்களே செய்ய உதவுவோம். அப்போதுதான் அடுத்த முறை இன்னொருவருக்கு நீங்கள் சொல்லிக்கொடுக்க முடியும். தேவையில்லை என்று நினைப்பவர்கள் விட்டுச் சென்றால், டிஸ்க்கை முழுதும் அழித்துவிட்டு, லினக்ஸ் போட்டு, நம் குடியிருப்பில் வேலை செய்பவர்களின் பிள்ளைகளுக்குப் படிக்கக் கொடுக்கலாம் என்று சங்கம் நினைக்கிறது. ஓடவே ஓடாதவற்றைக் குப்பையோடு போடாமல், அங்கீகாரம் பெற்ற மின்கழிவு மறுசுழற்சியாளரிடம் சங்கமே மொத்தமாகக் கொடுத்துவிடும்.

கடைசியாக, நீங்கள் பயன்படுத்தும் இலவச மென்பொருள் ஏதாவது பிடித்திருந்தால், அதை எழுதியவருக்கு இரண்டு வரி எழுதுங்கள். பிழை இருந்தால், எந்த இடத்தில், என்ன செய்தபோது வந்தது என்று பொறுமையாகச் சொல்லுங்கள். 'வேலை செய்யவில்லை' என்று மட்டும் எழுதினால் அவருக்கு ஒன்றும் புரியாது. முடிந்தால் வருடத்துக்கு ஒரு சிறு தொகை அனுப்புங்கள். தமிழும் ஆங்கிலமும் நன்றாகத் தெரிந்தவர்கள் மொழிபெயர்த்துக் கொடுக்கலாம். லிப்ரேஆஃபீஸ், ஃபயர்ஃபாக்ஸ் எல்லாம் தமிழில் கிடைப்பது, நேரம் ஒதுக்கி உட்கார்ந்து மொழிபெயர்த்தவர்கள் இருப்பதால்தான். அவர்களில் பலர் உங்களைப் போல ஆசிரியர்கள், மாணவர்கள், இல்லத்தரசிகள்.

தண்ணீர்க் கணக்குக்கு உதவ நினைப்பவர்கள் கூட்டம் முடிந்ததும் பொருளாளரிடம் பெயர் கொடுங்கள். இரண்டு பேர் போதும் என்றேன். நான்கு பேர் வந்தாலும் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன்.